விலையில்லா மடிக்கணினி: நல்ல பெட்டிதான், ஆனாலும் வாங்காதீங்க

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று 4,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். அதே வகை லேப்டாப் என் வீட்டில் இருப்பதும், போன வாரம்தான் அதை சர்வீஸ் கடையிலிருந்து எடுத்துவந்தேன் என்பதும் அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, கேட்கிற எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடலாம்.

என்னுடையது 2012-13 பிளஸ் டூ பேட்ச். 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளமும் சேர்த்துப் போட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் அந்த வருஷங்களில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு சேர்த்துத் தொடங்கிய திட்டம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. கையில் கொடுத்த அன்றே, "பரீட்சை முடியும்வரை பெட்டியைத் திறக்கவே கூடாது" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். படிப்பதற்கென்று கொடுத்த கருவியைப் படித்து முடித்த பிறகு திறக்கச் சொன்னார்கள். அப்பாவும் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பூட்டு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. காரணம் கரண்ட். அந்த வருஷம் டெல்டாவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் 2 மணி நேரம் மின்வெட்டு என்றால் எங்களுக்கு 12, 14 மணி நேரம். இன்வெர்ட்டர் வாங்குகிற வசதி தெருவில் ஒன்றிரண்டு வீடுகளுக்குத்தான். தம்பிதான் யோசனை சொன்னான். நோட்பேடைத் திறந்து திரை முழுக்க விரித்து, வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்தால் வெள்ளை வெளேர் என்று ஒரு பலகை. அதைச் சுவரில் சாய்த்துவைத்து முன்னால் உட்கார்ந்துதான் உயிரியல் படித்தேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிவைத்தால் ராத்திரி ஒரு பாடத்துக்குக் குறையாமல் வரும். அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஓரமாக எடுத்துவைத்தது அப்போதுதான். ஆக, பொதுத்தேர்வுக்கு லேப்டாப் உதவவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பரீட்சை முடிந்த பிறகு முறையாகத் திறந்தோம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பில் வால்பேப்பரை மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்டே அப்படித்தான் வைத்திருந்தது. மூடியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா படம், பையில் முதல்வர் படம், திரையிலும் அதுவே. தம்பி அதை மாற்றுவதற்கென்றே ஒரு சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கிவந்து போட்டான். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கல்வி தொடங்கியது அங்கேதான்.

எனக்குப் பிடித்துப்போனது பக்கத்தில் இருந்த பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி மையமான சி-டாக், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னையில் உருவாக்கியது. வகுப்பில் பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கடையில் கொடுத்து அழித்துவிட்டு விண்டோஸ் அல்டிமேட் போட்டுக்கொண்டார்கள். நான் அழிக்காததற்குக் கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. யார் யாருடைய பென்டிரைவையோ செருகிச் செருகி விண்டோஸ் பக்கம் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது, இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெனுவெல்லாம் தமிழில் வைத்துக்கொள்ளலாம், தமிழ் தட்டச்சும் அதிலேயே இருந்தது. தமிழ்99 விசைப்பலகை பழகியது அதில்தான். அந்த விசைப்பலகையைத் தரப்படுத்தியதும் தமிழ்நாடு அரசுதான், 1999-இல். அரசே கொடுத்த லேப்டாப்பின் விசைகளில் ஆனால் ஆங்கில எழுத்து மட்டும். தமிழ் எழுத்தையும் அச்சடித்துக் கொடுத்திருந்தால் லட்சக்கணக்கான பிள்ளைகள் பழகியிருப்பார்கள் என்று இன்றைக்கும் தோன்றும். நான் ஒரு அட்டையில் விசைகளை வரைந்து திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்பது பிடிபட்ட பிறகு அட்டை தேவைப்படவில்லை. இப்போது கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டுகிற வேலையில் இருக்கிறேன் என்றால், அதற்கு அந்த லேப்டாப்புதான் காரணம்.

விசைப்பலகை பற்றி இன்னொன்று. இத்தனை வருஷத்தில் ஒரு விசைகூடக் கழன்று விழவில்லை. "அ" இருக்கிற இடம் வழவழப்பாகித் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் சம்பளத்தில் வாங்கிய புது லேப்டாப்பில் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் தூக்குகிறது. பழையதில் மூடியின் வலதுபுறக் கீல் மட்டும் ஒருமுறை விட்டுப்போனது. கடையில் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள், நிற்கிறது. பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஒயரோடுதான் ஓடும். அந்த வயசுக்கு அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்றா? இனி பயாஸ்.

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 அழுத்தினால் திறக்குமே, அந்த அமைப்புப் பக்கம். எதிலிருந்து பூட் ஆக வேண்டும், அதாவது இயங்கத் தொடங்க வேண்டும், தேதி என்ன, எது இயங்கலாம், எது கூடாது என்றெல்லாம் அங்கேதான் இருக்கும். என் லேப்டாப்பில் எஃப்2 அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். அது எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளியில் கேட்டேன், கம்ப்யூட்டர் சார் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கே தெரியாதும்மா, மேலே கேட்கணும்" என்றார். மேலே என்றால் எது, யார் என்று அவருக்கும் தெரியவில்லை. கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், வாரண்டி முடிந்துவிட்டது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

முதலில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தம்பி பிசிஏ சேர்ந்தபோதுதான் உறைத்தது. கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளும் பென்டிரைவில் உபுண்டு லினக்ஸைக் கொண்டுவந்து தங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிறார்கள். இவனுடையதில் பென்டிரைவிலிருந்து பூட் ஆகாது, பூட் வரிசையை மாற்றவும் முடியாது. கம்ப்யூட்டர் படிக்கிற பையனுக்கு, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளக் கொடுத்த பெட்டி, இதற்கு மேல் நீ தொடக் கூடாது என்கிறது. தெரிந்த பாஸ்வேர்டெல்லாம் அடித்துப் பார்த்தான். மூன்று தடவை தப்பாக அடித்தால் பெட்டி உறைந்து நிற்கும், பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம் மதர்போர்டில் இருக்கும் பொட்டு பேட்டரி தீர்ந்தது. கடிகாரத்தைத் தாங்குகிற அந்தச் சின்ன நாணய பேட்டரி, சிஆர்2032. அது தீர்ந்து, பெரிய பேட்டரியும் இல்லாததால், ஒயரைப் பிடுங்கினாலே தேதி 2012 ஜனவரி 1-க்குப் போய்விடும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "தேதியும் நேரமும் சரியில்லை, தொடர எஃப்1, சரிசெய்ய எஃப்2" என்று வரும். சரிசெய்யலாம் என்று எஃப்2 அழுத்தினால் பாஸ்வேர்டு! எஃப்1 அழுத்தி உள்ளே போய் கையால் தேதி மாற்றாமல் விட்டால் ஒரு வலைத்தளமும் திறக்காது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. லேப்டாப் 2012-இல் இருந்தால் அதன் கணக்கில் அவை எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. அப்பா சிட்டா பார்க்க உட்கார்ந்து, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்ததைப் பார்த்துவிட்டு, நிலத்தில்தான் ஏதோ வில்லங்கம் என்று பயந்து எனக்குப் போன் செய்தார்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது எங்கே தெரியுமா? பொட்டு பேட்டரியைக் கழற்றி வைத்தால் பயாஸ் பாஸ்வேர்டு அழிந்துவிடும் என்று யூடியூபில் நூறு பேர் சொல்கிறார்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சரி. பல லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கும், அதற்கு பேட்டரியே வேண்டாம். என் லேப்டாப் தேதியை மறந்தது, வருஷத்தை மறந்தது. பாஸ்வேர்டை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஹார்டு டிஸ்க்கும் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சர்வீஸ் கடை அண்ணனிடம் கொடுத்தேன். மாடலைப் பார்த்ததுமே, "கவர்மென்ட்டா? பயாஸ் லாக் இருக்குமே" என்றார். அவரிடம் மாதத்துக்கு நாலைந்தாவது வருமாம். இரண்டு வழி சொன்னார். ஒன்று, பயாஸ் சிப்பில் கிளிப்பை மாட்டி, புரோகிராமர் கருவியால் பூட்டில்லாத பயாஸை எழுதுவது. சரியாக வந்தால் விடுதலை, கொஞ்சம் பிசகினால் போர்டே போகும். இரண்டாவது, பூட்டை அப்படியே விட்டுவிடுவது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற புது எஸ்எஸ்டியை அவருடைய வேறொரு லேப்டாப்பில் மாட்டி, அதில் லினக்ஸ் மின்ட்டை நிறுவி, பிறகு கழற்றி என்னுடையதில் மாட்டுவது. அதைத்தான் செய்தார். எஸ்எஸ்டி, ரேமை 4 ஜிபி ஆக்கியது, புதுப் பொட்டு பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். லேப்டாப் இப்போது ஆன் செய்து ஒரு வாய் காபி குடிப்பதற்குள் தயாராக நிற்கிறது. இவ்வளவு வேகமாக அது புதிதில்கூட ஓடவில்லை.

பூட்டு எதற்காக என்று அந்த அண்ணனே சொன்ன காரணம்: வெளியே விற்கக் கூடாது, உள்ளிருப்பதை மாற்றக் கூடாது. இருக்கலாம். வரிப் பணத்தில் லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுக்கும்போது ஒரு பாதுகாப்பு வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அந்தப் பூட்டு விற்பனையைத் தடுத்ததா? அக்காவுக்கு 4,000 ரூபாய்க்கு வருகிறதே! விற்கிறவன் பயாஸ் பக்கமே போக மாட்டான், வாங்குகிறவனும் கேட்க மாட்டான். எஃப்2 அழுத்துவது நோண்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பிள்ளை மட்டும்தான். பிளஸ் டூ முடித்துச் சான்றிதழ் வாங்கும்போது அந்தப் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கொடுத்ததைக் குறை சொல்கிறாளே என்று யாரும் எழுத வேண்டாம். கிடைக்காதவர்களின் கோபமும் எனக்குத் தெரியும். 2019-இல், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, தங்களை விட்டுவிட்டார்கள் என்று முந்தைய பேட்ச் பிள்ளைகள் பல மாவட்டங்களில் பள்ளி வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். என் சித்தப்பா மகளும் அதில் ஒருத்தி. அவளைப் பார்த்து, எனக்குக் கிடைத்த லேப்டாப்பில் எஃப்2 திறக்கவில்லை என்று புலம்பினால் அடிக்க வருவாள். நியாயம்தான். கொரோனா சமயத்தில் அவள் தங்கை ஆன்லைன் வகுப்பு படித்ததும் என்னுடைய இந்தப் பெட்டியை வைத்துத்தான், அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கி.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்களே, அந்தப் புது லேப்டாப் யார் வீட்டுக்காவது வந்திருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். படம் பார்ப்பதற்கு முன்னால், ஸ்டிக்கரைப் பிரிப்பதற்கு முன்னால், அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், வாரண்டி இருக்கும்போதே கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். பாஸ்வேர்டே கேட்காமல் திறந்தது என்றால் கீழே ஒரு வரி எழுதுங்கள், சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

அக்கா, உங்கள் கேள்விக்கு: வாங்காதீங்க. 4,000-க்கு வாங்கினால் அதன் மேல் இன்னொரு 3,000 போட வேண்டிவரும். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால், ஆபீஸ்களில் கழித்துவிடுகிற பழைய பிசினஸ் லேப்டாப் கிடைக்கும், பயாஸ் திறந்து காட்டச் சொல்லி வாங்கலாம். அதுவும் போக, இது விற்கக் கூடாத பொருள். பையனுக்கு இரண்டு மாதத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போகட்டும். எஃப்2-வை மட்டும் அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். சார்ஜர் பின்னைச் செருகியதும் இடது பக்கம் லேசாகத் திருப்பிவைக்க வேண்டும், இல்லையென்றால் ஆன் ஆகாது.