தேரியிலும் கரிசலிலும் ஏழு வருடம்: ரெக்கவரி போர்டு அனுபவம்

டீசல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வண்டி புதைந்த கணக்கையும் குறித்து வருகிறேன். புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகி வண்டியை ஏற்றிவிடும் முள்வரிசைப் பலகைதான் ரெக்கவரி போர்டு. 2018 கடைசியில் முதல் ஜோடி வாங்கினேன். அதிலிருந்து இன்றுவரை 23 தடவை பலகையைக் கீழே இறக்கியிருக்கிறேன். தேரி மணலில் 14, கடற்கரையில் 3, கரிசலில் 4, உப்பளத்தில் 2. வண்டி வெளியே வந்தது 18 தடவை. மீதி ஐந்துக்கும் டிராக்டர்தான் வந்து இழுத்தது. வாங்க நினைப்பவர்களுக்கு அந்த ஐந்துதான் முக்கியம். ஆனாலும் கதை தேரியில் தொடங்குவதால் அங்கிருந்தே வருகிறேன்.

எனக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிப்பதும் மோட்டார் மாட்டுவதும் தொழில். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் முருங்கைத் தோட்டம், கொல்லாந் தோப்பு என்று ஓடுவேன். மழைக்காலத்தில் விளாத்திகுளம் பக்கமும் வேலை வரும். வண்டி 2013 மஹிந்திரா தார் ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற மாடல். பின்னால் குழாயும் டூல்ஸ் பெட்டியும் ஏற்றினால் இரண்டு டன்னைத் தொட்டுவிடும். சாகசத்துக்காக ஓட்டுகிறவன் இல்லை நான். தோட்டம் மணலுக்குள் இருக்கிறது, அதனால் வண்டியும் மணலுக்குள் போகிறது, அவ்வளவுதான்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி மாதிரி மைல் கணக்கில் கிடக்கும் செக்கச் செவேல் மணல் மேடுகள் அவை. ஒவ்வொரு மணல் துகளிலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதால் அந்த நிறம். மழை பெய்த மறுநாள் தார் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கும். வைகாசி, ஆனி தாண்டி ஆடிக் காற்று அடித்தால் மாவு. நேற்று போன தடம் இன்று இருக்காது. (குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள் வண்டியை இறக்கி விளையாடப் போகாதீர்கள். நான் சொல்வதெல்லாம் ஓரத்துப் பட்டா நிலங்களும் அவற்றுக்குப் போகும் வண்டிப் பாதையும்.)

பலகை வாங்குமுன் ஒருநாள், கொல்லாந் தோப்புக்குப் போகும் பாதையில் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டது. நானும் விவரம் தெரியாமல் ஆக்சிலேட்டரை மிதித்து இன்னும் தோண்டினேன். பக்கத்துப் பனையிலிருந்து இறங்கிவந்த பாட்டையா ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, மிதிக்காதிய. மிதிக்க மிதிக்க அது பாதாளத்துக்குல்லா போவுது" என்றார்.

பிறகு கருக்கு மட்டையாகப் பார்த்து ஏழெட்டு இழுத்துவந்து, சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே அடுக்கினார். பனை மட்டையின் ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்கும் கருக்கு கீழே மணலையும் மேலே டயரையும் ஒருசேரக் கவ்விக்கொள்ளும். மூன்றாவது முயற்சியில் வண்டி ஏறிவிட்டது. ஆனால் ஒரு மட்டை பின்னால் தெறித்து அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அன்றைக்கு ராத்திரிதான் பலகை தேட ஆரம்பித்தேன். இன்றைக்கு விற்கும் பலகைகளில் இருக்கும் முள்வரிசை அந்தக் கருக்கு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. என் பலகையைப் பார்த்த பாட்டையாவும் அப்படித்தான் சொன்னார்: "பிளாஸ்டிக்ல மட்டை பண்ணிருக்கான்."

இந்த யோசனைக்கு நூறு வயது நெருங்குகிறது. 1920களில் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட், லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு போனவர். முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த இரும்புத் தகடுகளைக் கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, சக்கரத்துக்கு அடியில் போட்டார். (காயலான் கடை என்ற பெயரே எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். கெய்ரோவிலும் ஒரு காயலான் கடைதான் கைகொடுத்திருக்கிறது.) டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டுவதையும் அவர் அப்போதே செய்தார். 1940இல் அவர் தொடங்கிய பாலைவனப் படைப்பிரிவின் லாரிகள் இந்தத் தகடுகளைக் கட்டிக்கொண்டுதான் போர்க்களத்துக்குப் போயின. நைலான் பலகை பரவியது ரொம்பப் பிந்தி, 2005இல் ஆஸ்திரேலியாவில் மேக்ஸ்ட்ராக்ஸ் வந்த பிறகு.

முதல் ஜோடிக்கு நான் கொடுத்தது 6,500 ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம், இப்போது அது சந்தையில் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை போட்டபோது முள் உருகிவிட்டது. நடந்தது இதுதான்: பலகையைச் சக்கரத்தின் வாயில் சரியாகச் செருகாமல், மேலோட்டமாக வைத்துவிட்டு மிதித்தேன். டயர் பலகையில் ஏறாமல் அதன்மேல் நின்றபடியே சுற்றியது. நாலைந்து வினாடிதான் இருக்கும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கருகும் வாசம் வந்தது. இறங்கிப் பார்த்தால் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு முள்ளே இல்லை, மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது. விலை கூடிய பலகையிலும் இது நடக்கும். உராயும் சூட்டுக்கு எந்த நைலானும் தாங்காது. ஆகவே அந்தத் தவறில் பாதிக்குமேல் என்னுடையதுதான். அந்த ஜோடியில் இன்னொன்று வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி போட்டு ஏறியபோது இரண்டாக உடைந்தது. அது முழுக்க என் தவறு. அடியில் மண் தாங்கினால்தான் பலகை பலகை. அந்தரத்தில் போட்டால் உடையும்.

2020இல் வாங்கிய இரண்டாவது ஜோடி 24,000 ரூபாய். வீட்டில் விலையைச் சொல்லவில்லை, பில் கண்ணில் பட்டபிறகு சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் நாலடிக்குச் சற்றுக் குறைவான நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். வண்டி மேலே நிற்கும்போது வளையும், விட்டால் நிமிரும். பழைய ஜோடி வளையாமல் விறைத்து நின்று, பிறகு படக்கென்று முறியும் சாதி. விலை வித்தியாசம் முக்கால்வாசி இந்த ஒரு குணத்துக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இனி, நான் செய்யும் முறை. பலகையை எடுப்பதற்கு முன்னால் டயரில் காற்றை இறக்குகிறேன். ரோட்டில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருப்பதை 16க்குக் கொண்டுவந்தால் டயர் மணலில் நீளவாக்கில் படிந்து உட்காரும். பாதி நேரம் இதற்கே வண்டி வெளியே வந்துவிடும், பலகை கூரையிலேயே கிடக்கும். அந்தத் தடவைகளை 23இல் நான் சேர்க்கவில்லை. 12க்குக் கீழே இறக்கினால் திருப்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் பயம் உண்டு. அதனால் அதற்குக் கீழே நான் போவதில்லை.

அடுத்தது மண்வெட்டி. இந்த இடத்தில்தான் எல்லாரும் சோம்பல் படுகிறோம். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்துக்குக் கீழே தங்கத் தகடே போட்டாலும் பிரயோசனமில்லை. அச்சுக்கடியில், வயிற்றுக்கடியில், நாலு சக்கரத்துக்கு முன்னாலும் மணலை வாரி, சக்கரம் ஏறிவருவதற்குச் சரிவு வெட்ட வேண்டும். பலகையைக் கவிழ்த்து அதையே மண்வெட்டியாகப் பயன்படுத்தலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். மேல் மணலைத் தள்ள ஆகும். அச்சுக்கடியில் கை போகாத இடத்துக்குச் சின்ன மண்வெட்டிதான்.

பிறகுதான் பலகை. அதன் மூக்கு டயருக்கு அடியில் போய் முட்டும்வரை உதைத்துச் செருக வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். லோ கியரில் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் வரிசை) முதல் கியர், கிளட்சை மெதுவாக விட்டு, மாட்டு வண்டி நகர்வது மாதிரி நகர்த்த வேண்டும். டயர் பலகையைக் கவ்வியதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். அது கைக்குப் பழகிவிட்டால் பிறகு பயமில்லை. ஏறியபின் நிறுத்தக் கூடாது. கெட்டித் தரை வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். போய் நின்ற இடத்திலிருந்து, வெயிலில் திரும்பி நடந்துவந்து பலகையைப் பொறுக்க வேண்டும். இதை எந்த விளம்பரமும் காட்டாது. ஒரு சித்திரை மதியம் முந்நூறு அடி நடந்துவந்து பார்த்தால் ஒரு பலகைதான் இருக்கிறது. இன்னொன்றை டயர் மணலுக்குள் அமுக்கிவிட்டது. அரைமணி நேரம் தோண்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு கஜம் சிவப்பு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன். செம்மண்ணில் சிவப்புக் கயிறு கட்டிய புத்திசாலி என்று நண்பன் சிரித்த பிறகு நீலத்துக்கு மாற்றினேன்.

ஆள் நிற்கும் இடம் பற்றி. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களுக்கு வெளியூரிலிருந்து வண்டி வண்டியாகக் குடும்பங்கள் வரும். 2022இல் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நிழல் பார்த்து நிறுத்தலாம் என்று பெரிய காரைப் பாதையைவிட்டு இறக்கியதில் முன்சக்கரம் புதைந்துவிட்டது. முன்சக்கரம் இழுக்கிற கார், எனவே பலகை இரண்டும் முன்னால். இளவட்டங்கள் மூன்று பேர் பின்னால் தள்ளத் தயாராக நின்றார்கள், ஒருவர் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணாச்சி, அங்கன நிக்காதிய. பலகை தெறிச்சா காலு போயிரும்."

"பிடிச்சுக்கலேன்னா நழுவிராதா?"

"நழுவட்டும். மறுபடி வச்சுக்கிடலாம்."

நழுவத்தான் செய்தது, முதல் தடவை. அவர் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டாவது தடவை கார் வந்துவிட்டது. பொங்கல் சாதம் ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கரிசலுக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் விளாத்திகுளம் பக்கம் வேலைக்குப் போனால் பலகையை நம்பிப் போகாதீர்கள். கரிசல் மண்ணில் உள்ள களி நீரைக் குடித்து உப்பும். டயரில் அப்பி, பட்டன் இடுக்கெல்லாம் நிரம்பி, டயர் வழுக்கைத் தலை ஆகிவிடும். அப்புறம் பலகையின் முள்ளிலும் அதே களி நிரம்பும். வழுக்கையும் வழுக்கையும் உரசினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் பலகையைக் கழுவி, டயர் இடுக்கைக் குச்சியால் சுரண்டினால்தான் ஏதாவது பிடி கிடைக்கும். நாலில் இரண்டு தடவை வெளியே வந்தேன். அந்த இரண்டிலும் களிக்கு அடியில் அரையடிக்குள் சுக்கான் தரை, அதாவது கெட்டியான சுண்ணாம்புக் கல் தரை, இருந்தது. மற்ற இரண்டில் கரிசல்காட்டுச் சம்சாரி சொன்னதைக் கேட்டிருக்கலாம்: "ஒருநா வெயில் காயட்டும் தம்பி, தானா போயிரும்." கேட்காததால் டிராக்டர் வாடகை.

உப்பளத்தில் இரண்டுக்கு இரண்டும் தோல்வி. தூத்துக்குடி உப்பளத்தில் பம்ப் பார்க்கப் போய், வரப்புப் பாதையிலிருந்து ஒரு சக்கரம் பாத்தி ஓரத்தில் இறங்கிவிட்டது. மேலே ஓடு மாதிரி உலர்ந்திருக்கும், அடியில் கறுப்பு உளை. பலகை போட்டேன், டயர் அதன்மேல் ஏறியது, பலகையும் டயருமாகச் சேர்ந்து இன்னும் கீழே போயின. பலகை பிடிமானம் கொடுக்கும், தரையைக் கொடுக்காது. ஐந்தாவது தோல்வி தேரியில், மேலே சொன்ன முள் உருகிய நாள்.

2023 டிசம்பர் வெள்ளம் இந்தக் கணக்கில் வராது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தண்ணீர் வடிந்தபின் தாமிரபரணிக் கரை ஊர்களில் தெருவெல்லாம் முழங்கால் வண்டல். தண்ணீர் கேனும் அரிசியும் ஏற்றிப்போன சின்ன யானை வண்டிகளுக்கு அடியில் என் பலகைகள் ஒரு வாரம் மாறி மாறிக் கிடந்தன. எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? ஒரு வீட்டில் நடக்க முடியாத ஆச்சியை வெளியே கொண்டுவர, வாசலிலிருந்து தெரு வரை இரண்டு பலகையையும் மாற்றி மாற்றிப் போட்டு அதன்மேல் தூக்கிவந்தோம். முள் குத்துகிறது என்று தூக்கியவர்கள் செருப்பைத் தேடியது நினைவிருக்கிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கரிசல் படிந்தால் காய்வதற்குள் கழுவுங்கள், காய்ந்தால் சிமெண்ட். வெயிலில் ஆரஞ்சு நிறம் வெளுத்து இப்போது பழைய சேலை நிறம், பலத்தில் குறை தெரியவில்லை. கூரையில் கட்டினால் அறுபதுக்கு மேல் விசில் அடிக்கும். இடையில் பழைய சைக்கிள் டியூப் வெட்டிச் செருகியதும் நின்றது. காற்றை இறக்கியவர் திரும்ப நிரப்பவும் வேண்டும், ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸரையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? கூட வண்டி இல்லாமல் தனியாக மணலுக்குள் போகிறவர்கள் வாங்கலாம். எனக்கு ஒரு டிராக்டர் அழைப்பு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய், அதோடு அரைநாள். அந்தக் கணக்கில் இரண்டாவது ஜோடி எப்போதோ கடனை அடைத்துவிட்டது. எப்போதும் இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கு நல்ல இழுவைப் பட்டை போதும். வருடத்துக்கு ஒருமுறை மணப்பாடு கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் காற்றளவி ஒன்றும் மண்வெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் மீன் சாப்பிடலாம்.

முதல் ஜோடியில் முள் உருகியது இன்றும் ஜாக்கிக்கு அடியில் வைக்க வண்டியில் கிடக்கிறது. உடைந்ததன் பெரிய துண்டைத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முருங்கைக்குத் தண்ணீர் திருப்பும் வாய்க்கால் திறப்பை, அதுதான் வாமடை, அடைக்க வைத்திருக்கிறார். ஒரு சொட்டுக் கசிவதில்லையாம்.