ஓப்பன்விபிஎன்னா, வயர்கார்டா?

வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் பாதுகாப்பாக நுழைய விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) வேண்டும், அதற்கு வீட்டுச் சர்வரில் இந்த இரண்டு மென்பொருள்களில் எதை நிறுவுவது என்று வேளச்சேரி நண்பர்கள் இருவர் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார்கள். இரண்டையும் லினக்ஸில் ஓட்டுகிறேன். இரண்டும் இலவசம்.

அமைப்பது: ஓப்பன்விபிஎன்னுக்கு அடையாளம் காட்டும் சான்றிதழ்கள், செல்லாத சான்றிதழ்களின் ரத்துப் பட்டியல் என்று ஒரு சிறு அலுவலகமே வேண்டும். வயர்கார்டுக்குக் கருவிக்கொரு சாவி ஜோடி (ஒன்று ரகசியம், ஒன்று பொது) போதும்; 2020இல் வந்த 5.6 பதிப்பு முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது.

பழுது பார்ப்பது: இங்கேதான் சங்கதி. ஓப்பன்விபிஎன் வாயாடி. ஒருநாள் காலை எல்லோருடைய இணைப்பும் அறுந்தது. ரத்துப் பட்டியல் காலாவதியாகிவிட்டது என்று லாக் (பதிவுக் கோப்பு) ஒரே வரியில் சொல்லிவிட்டது. (புதுப்பிக்க மறந்தவன் நான்தான்.) வயர்கார்டு ஊமை. சாவி தவறென்றால் பதிலே வராது. 'டபிள்யூஜி ஷோ' கட்டளையில் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் கைகுலுக்கிய) நேரம் இல்லையென்றால் சாவியையும் யுடிபி போர்ட்டையும் (தரவு வந்துபோகும் வாசல் எண்) பாருங்கள், போர்ட் வழக்கமாக 51820. நேரம் இருந்தும் இணையம் வரவில்லையென்றால் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (தரவை அடுத்த வலைக்குக் கடத்துவது), நாட் விதி (முகவரியை மாற்றி அனுப்புவது) இரண்டையும் பாருங்கள்.

தடை: வயர்கார்டு யுடிபி என்ற அனுப்பும் முறையில் மட்டுமே ஓடும். யுடிபியை அடைக்கும் அலுவலக வலையில் அது படுத்துவிடும், ஓப்பன்விபிஎன்னை டிசிபி என்ற இன்னொரு முறையில், பாதுகாப்பான இணையதளங்கள் வரும் 443 போர்ட்டில் ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட அலுவலகத்தில் இருப்பவருக்கு ஓப்பன்விபிஎன்தான். பறக்கும் ரயிலில் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறவர் வயர்கார்டை எடுக்கட்டும். ஐபி (இணைய முகவரி) மாறினாலும் அது அசராது.