சிவாஜிநகர் சிவில் ஜட்ஜ் கோச்சிங்: கன்னட வகுப்புக்காகவே போகலாம்

ஆறு மாதம் சனி, ஞாயிறு தவறாமல் போய்வந்த பிறகு எழுதுகிறேன். பெங்களூரு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், இரண்டாவது மாடி, நாற்பது பேர் நெருக்கி உட்காரும் ஹால், கட்டணம் 18,000 ரூபாய். குறையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், மேயோ ஹால் கோர்ட்டில் மூன்றாவது வருஷம் பிராக்டிஸ். பள்ளியில் தமிழ்தான் முதல் மொழி. பேச்சுக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். தமிழ்நாட்டில் சிவில் ஜட்ஜ் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. இங்கே கர்நாடகாவில் ஹைகோர்ட்டே நடத்துகிறது. பிரிலிம்ஸ் தாண்டினால் மெயின்ஸில் சட்டத் தாள்கள், தீர்ப்பு எழுதும் தாள், அவற்றோடு ஆங்கிலம் - கன்னடம் மொழிபெயர்ப்புத் தாள், அப்புறம் வைவா என்ற நேர்முகத் தேர்வு. எனக்குப் பயமே அந்த மொழிபெயர்ப்புத் தாள்தான்.

அந்த வகுப்பை எடுப்பவர் ரிட்டையர்டு ஷிரஸ்தேதார் (கோர்ட் அலுவலகத் தலைமை எழுத்தர்), கோலார் தங்கவயல் தமிழர். வாதி, பிரதிவாதி, சாட்சி, ஜாமீன், தீர்ப்பு எல்லாம் கொஞ்சம் உச்சரிப்பு மாறி இரண்டு மொழியிலும் இருப்பதால் ஆரம்பத்தில் எளிதாகத்தான் தெரிந்தது. ரிட்டன் ஸ்டேட்மென்ட் (எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்ய பிரதிவாதிக்கு டைம் கொடுக்கப்பட்டது என்ற வரிக்கு நான் 'அவகாச' என்று எழுதிவிட்டேன். சிவப்பு மையில் சுழித்து, "பாப்பா, தமிழ்ல அவகாசம்னா டைம், கன்னடத்துல அவகாசன்னா வாய்ப்பு. கோர்ட் குடுக்கிறது காலாவகாச" என்றார். நாற்பது பேர் தாளையும் இப்படி வரிவரியாகத் திருத்தி அடுத்த வாரமே கையில் கொடுப்பார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

முதல் ஞாயிறு நடந்த கோர்ட் அமைப்பு வகுப்பும் அருமை. தாலுகாவில் சிவில் ஜட்ஜ், மேலே சீனியர் சிவில் ஜட்ஜ், அதற்கு மேல் மாவட்ட ஜட்ஜ், உச்சியில் ஹைகோர்ட், அதற்குத் தார்வாடிலும் கலபுரகியிலும் பெஞ்ச், பெங்களூரு நகரத்துக்கு மட்டும் 1979ஆம் வருஷச் சட்டப்படி தனியாக சிட்டி சிவில் கோர்ட் என்று போர்டில் வரைந்து, ஒவ்வொரு படிக்கும் எந்த வழியாக ஆள் வருகிறார் என்று பக்கத்திலேயே குறித்தார்கள். மாவட்ட ஜட்ஜாகப் பதவி உயர்விலும் வரலாம், ஏழு வருஷம் வக்கீலாக இருந்தவர் நேரடியாகத் தேர்வெழுதியும் வரலாம். ஹைகோர்ட்டுக்குத் தேர்வே கிடையாது: அதன் சீஃப் ஜஸ்டிஸும் இரண்டு மூத்த நீதிபதிகளும் சிபாரிசு செய்து, சுப்ரீம் கோர்ட் கொலீஜியம் (மூத்த நீதிபதிகள் குழு) ஏற்று, ஜனாதிபதி நியமிக்க வேண்டும். இதையெல்லாம் லா காலேஜில் மனப்பாடம் செய்திருந்தேன், அன்றுதான் புரிந்தது.

இப்போது குறை. அச்சடித்த நோட்ஸ் பழையது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்ட்ரேட் என்ற பதவியே இல்லை, இவர்கள் நோட்ஸில் முழுதாக ஒரு பக்கம் இருக்கிறது. அதைவிட மோசம், சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு மூன்று வருஷ பிராக்டிஸ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே 20ஆம் தேதி தீர்ப்பு சொன்ன பிறகும், அப்போதுதான் படிப்பை முடித்த ஒரு பொண்ணிடம் அதைச் சொல்லாமலே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து அவள் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முடியாது என்றுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வக்கீலாக என்ரோல் ஆன தேதியைச் சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டாமா?

சேருவதாக இருந்தால் சட்டப் பாடத்துக்கு இவர்கள் நோட்ஸை நம்பாதீர்கள், புதிய பேர் ஆக்ட் (bare act, விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மொழிபெயர்ப்பு வகுப்புக்கு மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கு 5,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள்.