பத்தாங் பெர்ஜுந்தையில் என் மைவிக்கு ஆம்ப் மாட்டிய கடை

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே டயர் கடையை ஒட்டியிருக்கும் சின்ன கார் ஆடியோ கடையில் என் மைவி காருக்கு நாலு சேனல் ஆம்ப்ளிபயர் மாட்டினேன். ஆம்ப் என்றால் பிளேயரின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குத் தருகிற பெட்டி. ஆம்ப் வாங்க கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் ஓடுகிறவர்கள் முதலில் இங்கே போய்ப் பாருங்கள். பொருள் எங்கும் கிடைக்கும். இந்தக் கடைக்கார அண்ணன் செய்து தருகிற செட்டிங்தான் கிடைப்பது கஷ்டம்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடை கிளார்க். வேலைக்குப் போகிற வழி பாதி தார் ரோடு, பாதி தோட்டத்துச் செம்மண் ரோடு. மின்னல் எஃப்எம் வைத்தால் டயர் இரைச்சலில் பாடகரின் குரல் அமுங்கிவிடும், வால்யூமைக் கூட்டினால் கரகரக்கும். ஆண்ட்ராய்ட் பிளேயர் பெட்டியில் 50 வாட் வீதம் நாலு சேனல் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது உச்சக் கணக்கு. அந்த மாதிரி பிளேயர்கள் தொடர்ந்து தருவது பெரும்பாலும் 20 வாட்டுக்குள்தான் இருக்கும். புது ஸ்பீக்கர் போட்டும் சத்தத்தில் உயிர் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வேறு ஊர்களில் விசாரித்தபோது, கூட வந்த தம்பியைப் பார்த்தேதான் பேசினார்கள். "1000 வாட், அடிச்சா கண்ணாடி அதிரும்" என்று அவனிடம் பெட்டியைக் காட்டினார்கள். இந்த அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஸ்பீக்கர்ல ஆர்எம்எஸ் எவ்வளவு எழுதியிருக்கும்மா? எத்தனை ஓம்?" ஆர்எம்எஸ் என்றால் தொடர்ந்து தாங்கும் வாட், ஓம் என்றால் ஸ்பீக்கரின் மின்தடை. 50 வாட், 4 ஓம் என்றேன். அவர் எடுத்து வைத்ததும் 4 ஓமில் சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் தருகிற கிளாஸ் டி ஆம்ப், அதிகம் சூடாகாத வகை. உள்ளங்கை அகலம்தான், பயணி சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும். அதைவிட விலை கூடிய கிளாஸ் ஏபி ஒன்றும் அலமாரியில் இருந்தது. சீட்டுக்கு அடியில் காற்று போகாத இடத்தில் அது ரொம்பச் சூடாகும், வேண்டாம் என்று அவரே தள்ளி வைத்தார். கூடிய லாபத்தை விட்டுக்கொடுத்த அந்த நேரத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பவர் ஒயரை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 40 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் முதலில் ஃபியூஸ் போக வேண்டும், ஒயர் தீப்பிடிக்கக் கூடாது. எர்த் ஒயர் முழங்கை நீளம்கூட இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கி, பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார். பவர் ஒயர் காரின் ஒரு பக்கம், பிளேயரிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கம். என் மாமா மகன் காரில் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி விட்டிருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு போல ஒரு ரீங்காரம் ஏறும். என் காரில் அது துளியும் இல்லை.

அப்புறம் கெயின், அதாவது பிளேயரின் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்கிற அளவு. இந்த ஒரு வேலைக்காகவே இவருக்குக் காசு கொடுக்கலாம். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பிளேயரின் வால்யூமை முக்கால்வாசியில் நிறுத்தி, 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டார். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் கெயின் திருகை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். 14 வோல்ட்டைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். 50 வாட்டை 4 ஓமால் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் 14க்குச் சற்று மேல், அவ்வளவுதான் கணக்கு. அதைத் தாண்டித் திருப்பினால் சத்தம் கூடின மாதிரி இருக்கும், ஆனால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, முதலில் மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர்தான் கருகும்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் வைத்தார், அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலியை அது குறைத்துவிடும். எங்கள் கோயில் திருவிழாவில் பதிவு செய்த உறுமி மேளத்தைப் போட்டுக் காட்டினேன். நாதஸ்வரம் தெளிவாக இருந்தது, உறுமியின் அந்தக் கும்மென்ற இழுப்பு மட்டும் மெலிந்திருந்தது. "உறுமி இல்லாம என்னண்ணே மேளம்?" என்றேன். கேட்டுவிட்டு 70க்கு இறக்கினார். இப்போது கதவும் அதிரவில்லை, உறுமியும் வருகிறது.

எல்லாம் சேர்த்து 780 வெள்ளி (ரிங்கிட்). ஒயர் முழுச் செம்பு, அலுமினியத்தில் செம்பு பூசியது இல்லை. முனையைச் சீவிக் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. ரசீதில் வெறும் மொத்தத் தொகையைத்தான் எழுதுகிறார். வாரண்டிக்கு மாடலும் சீரியல் எண்ணும் வேண்டும், நின்று கேட்டு எழுதி வாங்குங்கள். உட்கார நாற்காலி ஒன்றுதான். சனிக்கிழமை தோட்டத்துப் பையன்கள் கூட்டம் தாங்காது, அன்றைக்குப் போனால் அவசரத்தில் செட்டிங்கை நாளைக்கு என்று தள்ளிவிடுவார்.

கனத்த ஒலிக்கென்றே தனியாக வைக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் பற்றியும் கேட்டேன். "இதையே ஒரு மாசம் கேளுங்கம்மா, போதலைன்னா வாங்க, பார்ப்போம்" என்றார். திங்கட்கிழமை கடை இல்லை. மற்ற வார நாட்களில் காலை பத்து மணிக்குக் காரை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார்.