பழைய ஸ்கிட் ஸ்டீயர் வால்வு: சீல் மாற்றுவதா, புதுசு போடுவதா?

ஸ்கிட் ஸ்டீயரில் (சின்ன லோடர் வண்டியில்) லீவரைத் தொடாமலே பூம், அதாவது தூக்கும் கை, மெல்ல இறங்கினால் உடனே ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றாதீர்கள். பூமை முழுதாகத் தூக்கி, லாக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, பிரஷரை விடுவித்த பிறகு சிலிண்டரின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயை அடைத்துவிடுங்கள். மறுபடி தூக்கும் அழுத்தம் கொடுக்கும்போது சிலிண்டரின் திறந்த போர்ட்டில் (ஹோஸ் கழற்றிய வாயில்) ஆயில் தொடர்ந்து வழிந்தால், குற்றம் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலில், வால்வில் இல்லை.

ஸ்பூல் (லீவரை அசைத்தால் வால்வுக்குள் நகரும் உருளைத் தண்டு) முனையில் ஆயில் கசிகிறதா? சீல் கிட்டே போதும், செலவும் குறைவு. ஆனால் ஸ்பூலை நகத்தால் வருடிப் பாருங்கள். கோடு தட்டினால் எந்த ஓ-ரிங்கும் உதவாது. ஸ்பூலுக்கும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அந்தத் துளைக்கென்றே பொருத்தப்பட்ட ஸ்பூல் அது. வேறு வால்வின் ஸ்பூலை மாட்டுவதோ, எமரி தாளால் தேய்ப்பதோ கசிவைக் கூட்டவே செய்யும். கழற்றும்போது ஸ்பூல்களை இடம் மாற்றிவிடாதீர்கள்.

தேய்ந்தது துளை என்றால் புது வால்வுதான் என் தேர்வு. வாங்கும்போது போர்ட் அளவு, ஆயில் ஓட்டம், ரிலீஃப் பிரஷர் (வால்வு கூடுதல் அழுத்தத்தைத் திறந்துவிடும் அளவு) மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பூமுக்கு ஃப்ளோட் நிலை (பூம் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் நிலை) உண்டா என்றும் கேளுங்கள். தரை சமன்செய்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது.