"அதே இன்சூரன்ஸ் தொடரும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்றார்கள்

அமெரிக்காவில் வேலை பார்த்து, 65 வயதை ஒட்டியோ தாண்டியோ ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இதில் 11,000 டாலர் போனது. முப்பதாயிரம் போயிருக்க வேண்டியது.

நியூஜெர்சியில் ஒரே கம்பெனியில் 24 வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். 2021-ல் 65 முடிந்தது, உடம்பு ஒத்துழைத்ததால் தொடர்ந்து வேலைக்குப் போனேன். 65 வயதானவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்சூரன்ஸான மெடிகேரில் பார்ட் ஏ மட்டும் எடுத்தேன். அது மருத்துவமனையில் தங்கிப் பார்க்கும் சிகிச்சைக்கு, எனக்கு அதற்குப் பிரீமியம் கிடையாது. டாக்டர் ஃபீஸ், புறநோயாளி சிகிச்சை எல்லாம் பார்ட் பி-யில் வரும், அதற்கு மாதாமாதம் கட்ட வேண்டும். வேலையில் இருக்கும்வரை எங்களைப் போன்ற பெரிய கம்பெனிகளின் பிளான்தான் முதலில் பணம் கொடுக்கும் என்பதால் பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

2023 ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதற்கு முந்தைய வாரம் ஹெச்ஆர் பெண்மணியிடம் நேரில் போய்க் கேட்டேன், பார்ட் பி எடுக்க வேண்டுமா என்று. "உங்களுக்குத்தான் ரிட்டயரி பிளான் இருக்கிறதே. அதே கார்டு, அதே டாக்டர்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு பளபளப்பான கையேட்டையும் கொடுத்தார். முதல் பக்கத்தில் கடற்கரையில் ஒரு வயதான ஜோடி. நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2024 மே மாதம், காலை நடையில் நெஞ்சை அடைத்தது. ஸ்டென்ட் வைத்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். புறநோயாளிக் கணக்கு. ஜூலையில் வந்த பில்லில் நான் கட்ட வேண்டியது 30,400 டாலர் என்று இருந்தது. சிகிச்சைக்குப் பிளான் ஏற்றுக்கொண்ட மொத்தக் கட்டணமே 38,000 தான். அதே வாரம் என் மனைவியின் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அதே கார்டில் ஒழுங்காகப் பணம் போயிருந்தது. "ஏங்க, உங்க பேர்ல ஏதோ தப்பா பதிஞ்சிருப்பாங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தப்பாக எதுவும் பதியவில்லை. அவளுக்கு வயது 62, எனக்கு 68. அவ்வளவுதான் விஷயம்.

65 தாண்டி ரிட்டயர் ஆன அன்றே முதலில் பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு மெடிகேருக்குப் போய்விடுகிறது. கம்பெனி பிளான் அதற்கு அடுத்துதான். நான் பார்ட் பி எடுக்கவில்லையே? பிளான் அதைப் பற்றிக் கவலைப்படாது. எடுத்திருந்தால் மெடிகேர் கொடுத்திருக்கும் 80 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் தன் கணக்கைப் போட்டது. அந்த 80 சதவீதம் என் தலையில்.

கார்டில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டேன். "நாங்கள் கிளெய்ம் பார்த்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பணமும் விதியும் உங்கள் கம்பெனியுடையது" என்றார்கள். இதுதான் செல்ஃப் இன்ஷூர்டு பிளான். கல்யாணப் பந்தியில் பரிமாறுவது கேட்டரிங்காரர், ஆனால் இன்னொரு ஜாங்கிரி உண்டா இல்லையா என்பது பெண் வீட்டார் கையில். கார்டில் இருக்கும் லோகோவைப் பார்த்து 24 வருடம் கேட்டரிங்காரரை வீட்டுக்காரர் என்று நினைத்திருக்கிறேன்.

மாநில இன்சூரன்ஸ் துறைக்கு எழுதினேன். கம்பெனி தன் பணத்தில் நடத்தும் பிளான்கள் 1974-ம் வருட எரிசா என்ற மத்திய சட்டத்துக்குக் கீழே வருகின்றன, எங்களுக்கு அதிகாரமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரி, யாரிடம் போவது? மத்தியத் தொழிலாளர் துறையின் கீழ் இபிஎஸ்ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1-866-444-3272, இலவச எண். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசியவர் முதலில் கேட்டதே, "எஸ்பிடி வைத்திருக்கிறீர்களா?" பிளானின் விதிகளை விளக்கும் புத்தகம் அது. என்னிடம் இருந்தது கடற்கரை ஜோடிதான்.

கம்பெனியில் போனில் கேட்டதற்கு அதே கையேட்டை மறுபடி அனுப்பினார்கள். பிறகு கடிதமாக, பதிவுத் தபாலில் கேட்டேன். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் போடலாம். இருபத்தெட்டாம் நாள் வந்தது. 140 பக்கம். 97-ம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: மெடிகேர் தகுதி உள்ளவர் அதில் சேராவிட்டாலும் சேர்ந்ததாகவே கணக்கிடப்படும். கடைசிப் பக்கத்தில் இன்னொன்று: எப்போது வேண்டுமானாலும் பிளானை மாற்றவோ நிறுத்தவோ கம்பெனிக்கு உரிமை உண்டு. பென்ஷனைப் போல இதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ரிட்டயர் ஆனவர்களின் மருத்துவச் சலுகை வாழ்நாள் முழுக்க என்று தானாக ஊகிக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2015-லேயே எம் அண்ட் ஜி பாலிமர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

180 நாள் கெடுவுக்குள் அப்பீல் போட்டேன். தள்ளுபடி. இரண்டாவது அப்பீலைக் கம்பெனியின் கமிட்டியே பார்த்தது. அதுவும் தள்ளுபடி. ஹெச்ஆர் பெண்மணிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லையாம். கடைசியில் மருத்துவமனையின் நிதி உதவிப் பிரிவில் வருமானக் கணக்கெல்லாம் காட்டி, 11,000-க்குக் குறைத்து வாங்கினேன். தவணையில் கட்டினேன். கொஞ்சம் இறங்கி வந்தது அவர்கள் மட்டும்தான்.

பார்ட் பி-யில் உடனே சேரவும் முடியவில்லை. வேலை முடிந்த பிறகு 8 மாதம் அவகாசம் உண்டு, எனக்கு அது 2024 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ரிட்டயரி பிளானில் இருந்தாலும் சரி, வேலை விட்ட பிறகு கம்பெனி பிளானைச் சொந்தக் காசில் தொடரும் கோப்ராவில் இருந்தாலும் சரி, அந்தக் கடிகாரம் நிற்காது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள பொதுப் பதிவுக் காலத்துக்குக் காத்திருந்து, 2025 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அது வரை படியேறும்போதெல்லாம் பயம். தாமதத்துக்கு 10 சதவீத அபராதம், ஆயுள் முழுக்க. 2025-ல் பார்ட் பி-யின் மாதப் பிரீமியம் 185 டாலர் என்றால் எனக்கு 203.50.

கம்பெனி தவறான தகவல் கொடுத்ததால் விடுபட்டவர்களுக்கு 2023 முதல் தனிப் பதிவு வாய்ப்பு ஒன்று இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது அபராதத்தோடு சேர்ந்த பிறகு. இதே நிலையில் இருப்பவர்கள் மெடிகேர் பதிவைப் பார்த்துக்கொள்ளும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில் முதலில் அதைக் கேளுங்கள். ஹெச்ஆர் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு மின்னஞ்சல் கையில் இருந்தால் பேச வசதி. என்னிடம் இருந்தது ஒரு சிரிப்புதான்.

மனைவிக்கு 2027 பிப்ரவரியில் 65. அவள் பார்ட் பி எடுக்காவிட்டால் பிளான் என்ன செய்யும் என்று ஹெச்ஆருக்கு மின்னஞ்சலில் கேட்டேன். "தயவுசெய்து போனில் அழையுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடியும் மின்னஞ்சலிலேயே கேட்டிருக்கிறேன்.