இரவு ஷிப்டில் ஒரு கிண்டில்

புதுக் கருவியின் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்களை நான் நம்புவதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையிடம் குடும்ப வாழ்க்கை எப்படி என்று கேட்பதைப் போன்றது அது. அதனால்தான் அமேசானின் மின்நூல் வாசிப்புக் கருவியான இந்தக் கிண்டில் பேப்பர்வைட் பழசாகி, உறையின் ஓரம் பிய்ந்து, பின்புறத்தில் எங்கே கீறல் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லும் அளவுக்குப் பழகிய பிறகு எழுதுகிறேன். 2021 அக்டோபரில் வெளிவந்த பதினோராம் தலைமுறை மாடல் இது.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவில். வயதானவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் விளங்கும். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அவர் ஊன்றிவிட்டுப் போனதை நூறு ஆண்டு கழித்தும் நாங்கள் அவித்துப் பிழிந்துகொண்டிருக்கிறோம். எண்ணெய் ஆலையில் நான் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். வெட்டிய பழக்குலையை அதிக நேரம் போட்டுவைக்கக் கூடாது. எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் காய்ப்புக் காலத்தில் ஆலை இரவும் ஓடும். பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி, எங்கள் மின்சாரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். எல்லாம் ஒழுங்காக ஓடினால் எனக்கு வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கைப்பேசி நல்ல துணையில்லை. ஒரு வசனம் பார்க்கத் திறந்தால், திரும்பி வரும்போது யாரோ மீன் வறுக்கும் காணொளியில் நிற்போம்.

மின்சாரக்காரன் என்பதால் இதன் திரை மீது எனக்குத் தனி ஆசை. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்து, 1997இல் நிறுவனமாக உருவெடுத்த 'இ இங்க்' என்னும் மின்மைத் தொழில்நுட்பம் இது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கின்றன. அவற்றில் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தைத் திருப்பினால் மேலே வரும் நிறம் மாறும். மாறி நின்ற எழுத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரம் வேண்டியதில்லை. பக்கம் திருப்பும்போதுதான் செலவு. அணைத்துப் போட்ட கருவியில் படம் நிற்பதைக் கண்டு என் மகள் முதல் நாள் பயந்தே போனாள்.

திரை 6.8 அங்குலம், எடை 205 கிராம். ஓரத்தில் வரிசையாக இருக்கும் 17 எல்.இ.டி. விளக்குகள் எழுத்தின் மேல் ஒளியைப் பரப்புகின்றன, நம் கண்ணை நோக்கி அடிப்பதில்லை. வெளிச்சத்தைச் சற்று மஞ்சளாக்கவும் முடியும். இரவில் நான் மஞ்சளைக் கூட்டி, அளவைக் குறைத்துவிடுவேன். பத்து வாரம் சார்ஜ் நிற்கும் என்று நிறுவனம் சொல்வது, தினம் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கைப் பாதி வைத்துப் படிப்பவருக்கு. அந்தக் கணக்கில் நான் அடங்க மாட்டேன். மாதத்துக்கு ஒரு முறை சொருகினால் போதும் என்ற நிலை இருந்தது. இப்போது கொஞ்சம் முன்னதாகவே கேட்கிறது. பேட்டரி என்றால் வயதாகத்தான் செய்யும்.

ஆலையில் எங்கே கை வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு. சொரசொரப்பான திரையில் விரல் தடம் பளிச்சென்று தெரிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, அதில் படிக்க முடிவது வேறு. சாயங்கால மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தபோது, சாரல் துளி ஒவ்வொன்றையும் விரல் என்று நினைத்து வேதாகமத்தின் எண்ணாகமத்தில் பக்கம் பக்கமாக ஓடிவிட்டது. தொடுதிரை எதுவானாலும் இந்தத் தொல்லை உண்டு. மறுபுறம், இதற்குக் கறையான் பயம் இல்லை. அப்பாவின் வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை கறையான் தின்றதைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. ஐந்தாகமத்தையும் ஒழுங்காக முடித்த ஒரே ஆள் அதுதான் என்று அம்மா சொல்வார்.

இனித் தமிழ். 2016 டிசம்பர் முதல் கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாகக் கிடைக்கின்றன. எழுத்து உடையாமல், கொம்பு இடம் மாறாமல் வருகின்றன. வேதாகமத்துக்கு நான் வைத்திருப்பது நம் சபைகளில் எல்லார் வாயிலும் பழகிய பழைய மொழிபெயர்ப்பின் மின்கோப்பு. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த திருத்தத்தின் வழி வந்தது அது. அந்த நடையில் சொற்கள் நீளம். எனக்கோ வெள்ளெழுத்து. எழுத்தைப் பெரிதாக்கினால் 'சொல்லியிருக்கிறபடியினாலே' போன்ற ஒரு சொல்லே ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறது. இரு ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று கருவி வரியை இழுத்தால் நடுவில் ஆற்று மணல் மாதிரி வெற்றிடம். வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டு, எழுத்தை இரண்டு படி குறைத்த பிறகுதான் கண்ணுக்கு இசைவாக அமைந்தது.

எழுத்தளவுப் பிரச்சினை நமக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட முனைந்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை. தாள் போதாது. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. கருவிகளைக் கட்டிக்கொண்டு அழுவது விசுவாசிக்கு அழகா என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். இதில் வசனம் தேடுவது தண்டனை. ஆராதனையில் போதகர் "ஆபகூக் இரண்டாம் அதிகாரம்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் அக்கா புத்தகத்தை நடுவில் பிரித்து, நாலு தாளைத் தள்ளி, அங்கே போய் நிற்கிறார். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதற்கும் முன்னால். நான் பொருளடக்கத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகத் தள்ளி, திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, அதிகாரம் வந்து சேரும்போது அவர்கள் வாசித்து முடித்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வைத்திருக்கும் கோப்பைத் தயாரித்தவர் வசனத்துக்கு இணைப்பு எதுவும் வைக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் இரவு ஷிப்டில் இந்தக் குறையே என் வாசிப்பை மாற்றியது. தேட முடியாது என்றால் இருக்கிற இடத்திலிருந்து மேலே படிப்பதைத் தவிர வழியில்லை. வேதாகமத்துக்கு அதிகார எண் கொடுத்தவர் என்று சொல்லப்படுகிற ஸ்டீபன் லாங்டன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவர். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்டது 1551இல். எரேமியாவோ பவுலோ எண் போட்டு எழுதவில்லை. எங்கள் சபையிலோ எண்கள்தான் முன்னால் நிற்கின்றன. ஆண்டிறுதி ஆராதனையில் கூடையிலிருந்து, ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிறோம். வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

ரூத்தின் புத்தகம் நாலே அதிகாரம். ஒரே இரவில், டர்பைன் சத்தத்துக்கு நடுவே, நிறுத்தாமல் படித்தேன். என் அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். குலை வெட்டி விழும்போது நன்றாகப் பழுத்தவை கழன்று சிதறும். எண்ணெய் மிகுந்த பழம் அதுதான் என்பதால் ஒன்றையும் விடக் கூடாது. காய்ந்த மட்டைக்கும் புல்லுக்கும் இடையில் குனிந்து, முள் கீறிய விரலால் கோணிப்பையில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். மரத்தடியில் நாலு பழம் மிச்சம் கிடந்தால் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், கத்துவார். மாலையில் நிறுத்துத்தான் கூலி.

ரூத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்கிறது. வயலின் சொந்தக்காரரான போவாஸ், கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக அதற்கும் மேலே போகிறார். அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொல்கிறார். பிரசங்கங்களில் நான் கேட்ட ரூத் கதையெல்லாம் முதல் அதிகாரத்தில் மாமியாரைப் பிடித்துக்கொண்டு அழும் இடத்தோடும், கடைசியில் கல்யாணத்தோடும் முடிந்துவிடும். நடுவில் கிடக்கும் கூலிக் கணக்கைத் தோட்டத்துச் சபையில்கூட யாரும் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். "அந்த மண்டோர் பேர் என்ன சொன்னாய்?" என்றார். போவாஸ் மண்டோர் இல்லை, முதலாளி என்றேன். நம்பவில்லை.

இன்னொன்று எரேமியா இருபத்தொன்பது. அதன் பதினோராம் வசனம், தேவன் நம்மேல் நினைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகள் என்பது, எங்கள் ஊரில் பாதிக் கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் தொங்குகிறது. தொடக்கத்திலிருந்து படித்தால் அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று தவணையும் சொல்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போயிருக்க முடியும்?

தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீடு வேலை இருக்கும் வரைக்கும்தான். அப்பா ஓய்வு பெற்றபோது அவர் வைத்த முருங்கையையும் கறிவேப்பிலையையும் அப்படியே விட்டுவிட்டு நாங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தோம். பிறர் மண்ணிலும் நட்டுவை என்ற கட்டளையை அவர் சுவர் அட்டையில் படித்ததே இல்லை, ஆனாலும் நட்டார். அந்தப் பதினோராம் வசனத்தை இப்போது நான் அவருக்கான வசனமாகப் படிப்பதில்லை. பேரப்பிள்ளைகளின் பெயரில் எழுதிய உயில் மாதிரி படிக்கிறேன். போதகரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் சுவரில் பத்தாம் வசனத்தையும் சேர்த்து மாட்ட வேண்டியதுதான்" என்று சிரித்தார். வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் விடவில்லை. எடுத்த இரவே அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து கிண்டிலில் படிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆலயத்துக்கு ஏறிப் போகும்போது பாடியவை என்று சொல்லப்படும் ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தையும் ஒரே மூச்சில் படித்தால் கடைசியில் வருவது 134. மூன்றே வசனம். இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை நோக்கிப் பாடுவது. ஷிப்டுக்காரர்களுக்கென்றே ஒரு சங்கீதம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு பாட்டி இதைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "தம்பி, இதில் சினிமா ஓடுமா?" என்று கேட்டார். ஓடாது பாட்டி என்றேன். பாட்டாவது வருமா என்றார். ஸ்பீக்கரே இல்லை என்றேன். "அப்புறம் எதற்கய்யா இவ்வளவு காசு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயமான கேள்விதான். என் மனைவியும் கேட்டதுதான்.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் இணையச் சந்தையில் வாங்கியபோது கருவி சரியாக வந்தது; கூடவே விற்ற உறை போலி. காந்தம் வலுவில்லாமல், மூடினாலும் கருவி தூங்கவில்லை. விற்றவர் ஒரு முறை பதில் எழுதினார், பிறகு காணோம். உறையைத் தனியாக, பழகிய கடையில் பார்த்து வாங்குங்கள்.

2024இல் ஏழு அங்குலத் திரையோடு அடுத்த பேப்பர்வைட் வந்துவிட்டது. வண்ணத் திரையும் வந்திருக்கிறது. நான் மாற்றப்போவதில்லை. சங்கீதத்துக்கு வண்ணம் எதற்கு? சபை இளைஞர் ஒருவர் புதிதா பழையதா என்று கேட்டார். பாட்டுத் தாளும் பிரசங்கக் குறிப்பும் வேண்டுமென்றால் டேப்லெட் வாங்கு, ஆராதனைக்கு என்றால் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கு, இரவு வேலையும் வெள்ளெழுத்தும் இருந்தால் மட்டும் இதை வாங்கு என்றேன். அவருக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் ஓவர்டைம் பணம் வந்ததும் வாங்கிவிட்டார். ரூத்தை முடித்தாயா என்று கேட்டால், இன்னும் எழுத்தளவைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன் அண்ணே என்கிறார்.